யோலாண்டா பாலாஷும் நம் 1.92 மீட்டரும்

பொம்மசந்திராவில் நான் குடியிருக்கும் தெருவை ஒட்டிய மைதானத்தில் மாலை வேளைகளில் சிறுமியர் சிலர் உயரம் தாண்டிப் பழகுகின்றனர். இரண்டு கம்புகள், ஒரு கயிறு, கொத்திவிட்ட மணற்குழி. அனைவரும் கத்தரி முறையிலேயே, ஒரு காலை வீசி மறுகாலைத் தொடரவிட்டே தாண்டுகின்றனர். தொலைக்காட்சியில் காணும் முதுகுவழிப் பாய்ச்சலை ஒருத்தியும் முயல்வதில்லை. மணலில் அவ்வாறு விழுந்தால் கழுத்து என்னவாகும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ருமேனியாவின் யோலாண்டா பாலாஷும் கத்தரி முறைக்காரரே. அதன் திருத்திய வடிவமொன்றைக் கையாண்டவர். 1956 முதல் 1961 வரை 14 முறை உலக சாதனை படைத்தார். 1958-இல் ஆறடியைக் கடந்த முதல் பெண்ணானார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வென்ற உயரம் 1.85 மீட்டர், அடுத்த இடத்தைப் பகிர்ந்துகொண்டோர் தாண்டியது 1.71. ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் 14 சென்டிமீட்டர் இடைவெளி! 1961-இல் சோஃபியாவில் அவர் எட்டிய 1.91 மீட்டரைப் பத்தாண்டுகள் எவரும் மிஞ்சவில்லை. 1971-இல்தான் ஆஸ்திரியாவின் இலோனா குசன்பாவர் 1.92 தாண்டினார்.

இந்த இரண்டு எண்களும் நமக்குப் பழக்கமானவை. கேரளத்தின் பாபி அலோஷியஸ் 2004-இல் சென்னையில் தாண்டியது 1.91. கர்நாடகத்தின் சஹானா குமாரி 2012 ஜூனில் ஹைதராபாத்தில் தாண்டியது 1.92. இரண்டுமே தேசிய சாதனைகள். பின்னது பத்தாண்டுகளுக்கும் மேலாக நிலைத்தது.

ஆகவே நாம் நாற்பதாண்டு பின்தங்கியவர்கள் என்று முடிவுகட்டுவது எளிது. நானும் ஒரு கருத்தரங்கில் அவ்வாறே பேசியிருக்கிறேன். இன்று அவ்வாதம் அரைகுறையாகத் தோன்றுகிறது. கத்தரி முறையில் தாண்டுபவர் காலூன்றி இறங்குகிறார், மணலே போதும். 1968-இல் மெக்சிகோவில் டிக் ஃபாஸ்பரி உலகறியச் செய்த முதுகுவழிப் பாய்ச்சலுக்கோ தடித்த ஃபோம் மெத்தை இன்றியமையாதது. 1972-இல் மியூனிக்கில் 16 வயது உல்ரிகே மேஃபார்ட் அம்முறையில் 1.92 தாண்டி உலக சாதனையைச் சமன்செய்தார். 2024-இல் யாரோஸ்லாவா மகுச்சிக் எட்டியுள்ள 2.10 வரையிலான ஏற்றம் முழுவதும் மெத்தைக் காலத்துக்கே உரியது. எனவே ஒரு நாட்டின் சாதனை உயரம் அங்குள்ள சிறந்த வீராங்கனையின் ஆற்றலை மட்டும் சொல்வதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எத்தனை சிறுமியர் மெத்தையில் விழுந்து பழக முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. நம் ஆய்வுகள் முன்னதை அட்டவணையிடுகின்றன, பின்னதைத் தேடுவதேயில்லை.

சஹானாவின் வாழ்வை இவ்வகையில் வாசிக்க வேண்டும். லண்டன் ஒலிம்பிக்குக்கான ‘பி’ தகுதி அளவு சரியாக 1.92, அதை அவர் எட்டியது தாயான பின்பு, 30 வயதை ஒட்டி. லண்டன் தகுதிச் சுற்றில் 1.80-உடன் வெளியேறினார். முடிவுப் பட்டியல் அந்த ஓர் எண்ணோடு அவரை முடித்துக்கொள்கிறது. (மகள் பாவனா நாகராஜ் 2024-இல் ஆசிய இளையோர் போட்டியில் நீளம் தாண்டுதலில் தங்கம் வென்றார். அது மணலில் இறங்கும் விளையாட்டு என்பது தற்செயலாக இருக்கலாம்.)

பள்ளி, மாவட்ட மைதானங்களுக்கு மெத்தை எப்போது வந்தது என்னும் விவரங்களைத் திரட்டிவருகிறேன். கொள்முதல் பதிவேடு, விளையாட்டு விழா மலர், பழைய ஒளிப்படம் எதுவாயினும் உதவும். தாங்கள் பயின்ற பள்ளியில் உயரம் தாண்டியோர் எதன்மீது விழுந்தனர் என்பதை, ஆண்டுடன் கருத்துப் பகுதியில் குறிப்பிட வேண்டுகிறேன்.