நால்வரின் கணக்கும் ஒருவரின் குவியலும்

1976இல் இங்கிலாந்தில் இரண்டு இசைக்குழுக்கள் பிறந்தன. மான்செஸ்டரை ஒட்டிய பிரெஸ்ட்விச்சில் 'தி ஃபால்', லண்டனில் 'வயர்'. பங்க் இசையின் வேகத்தை எடுத்துக்கொண்டு அதன் மூன்று ஸ்வரக்கோர்வைக் கட்டுப்பெட்டித்தனத்தை உதறிய போஸ்ட் பங்க் தலைமுறையில் இரண்டுமே முன்வரிசை. கூட வந்தவர்களில் பலர் சில ஆண்டுகளிலேயே கலைந்து போனார்கள். இவ்விரண்டும் நாற்பது ஆண்டுகளைத் தாண்டின. 2018 ஜனவரி 24 அன்று பாடகர் மார்க் இ. ஸ்மித் இறந்ததோடு ஃபால் முடிந்தது. வயர் 2020இலும் 'மைண்ட் ஹைவ்' என்ற புது ஆல்பத்தோடு வந்து நின்றது.

இப்போது இவ்விரு குழுக்களின் ரசிகர்களும் முதல் இசைத்தட்டிலிருந்து கடைசி வரை மறுபடி கேட்கிறார்கள். எது தேறும், எது தேறாது, எந்தக் காலத்தை இத்தனை நாள் அநியாயமாக ஒதுக்கிவிட்டோம் என்றெல்லாம் வாதிடுகிறார்கள். செயல் ஒன்றுதான். ஆனால் இரண்டு இடத்திலும் ரசிகருக்குக் கிடைக்கும் வேலை முற்றிலும் வேறு. வயரின் பழைய சரக்கை வயரே திரும்பிப் பார்த்து ஒழுங்கு செய்து வைத்திருக்கிறது. ஃபாலில் அந்த வேலையை யாரும் செய்யவில்லை. அது கேட்பவர் தலையில் விழுந்திருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மற்ற எல்லாம் கிளைப்பதாக எனக்குப் படுகிறது.

இருவருக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிடலாம். பழைய பாட்டைப் பாடிப் பிழைப்பதை இரு குழுக்களும் வெறுத்தன. 1985இல் மீண்டும் கூடிய வயர், முதல் மூன்று ஆல்பங்களின் பாடல்களை மேடையில் தொடுவதில்லை என்று முடிவெடுத்தது. 1987இல் அமெரிக்கப் பயணம் போனபோது, தன் பாடல்களை நகலெடுத்துப் பாடும் 'எக்ஸ் லயன் டேமர்ஸ்' என்ற குழுவைக் கையோடு அழைத்துப் போனது. முதல் ஆல்பமான 'பிங்க் ஃபிளாக்' முழுவதையும் அவர்கள் வாசித்து முடிப்பார்கள். பிறகு வயர் ஏறிப் புதியதை வாசிக்கும். ஸ்மித்துக்கு அந்த ஏற்பாடுகூடத் தேவைப்படவில்லை. அடுத்து வரப்போகும் ஆல்பத்தின் பாடல்களே பெரும்பாலும் அவருடைய மேடை. பழையதைக் கேட்க வந்தவர்கள் ஏமாந்துதான் திரும்பினார்கள்.

இறந்த காலத்தை இப்படி மறுத்த இரு குழுக்களின் இறந்த காலத்தைத்தான் ரசிகர்கள் இன்று தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வயரிடம் தொடக்கம் முதலே ஒரு கணக்கு மனம் உண்டு. 1977இல் வந்த 'பிங்க் ஃபிளாக்' ஆல்பத்தில் 21 பாடல்கள், மொத்தம் சுமார் 35 நிமிடம். சில பாடல்கள் ஒரு நிமிடத்தைக்கூட எட்டுவதில்லை. வரிகள் முடிந்தால் பாட்டும் முடியும், இழுக்க வேண்டியதில்லை என்பதே அவர்கள் முறை. இதில் எவ்வளவு உறுதியாக இருந்தார்கள் என்பதற்கு 'அவுட்டோர் மைனர்' சாட்சி. இலைக்குள் சுரங்கம் குடைந்து வாழும் ஒரு பூச்சியைப் பற்றிய பாட்டு. 1978இல் வந்த 'சேர்ஸ் மிஸ்ஸிங்' ஆல்பத்தில் அது இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆனால் மெட்டு இனிமையானது. தனிப்பாட்டாக வெளியிட்டால் விற்கும் என்று இசை நிறுவனமான இ.எம்.ஐ. நினைத்தது, நீளம் போதாது என்றது. தயாரிப்பாளர் மைக் தார்ன் நடுவே ஒரு பியானோ பகுதியைச் சேர்த்துச் சுமார் மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். இன்று இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நீண்ட வடிவத்தில் பாட்டு நம்மோடு இளைப்பாறுகிறது. குறுகிய வடிவத்தில், இன்னொரு முறை வரும் என்று காது காத்திருக்கும் கணத்தில் அது இல்லாமல் போகிறது. எனக்குக் குறுகியதே பிடிக்கும். பியானோ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது பதில் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது ஆல்பத்துக்கு '154' என்று பெயர். அதுவரை வாசித்த மேடைகளின் எண்ணிக்கை அது. 2008இல் வந்த ஆல்பம் 'ஆப்ஜெக்ட் 47', குழுவின் நாற்பத்தேழாவது வெளியீடு. டிரம்ஸ் வாசித்த ராபர்ட் கிரே, இயந்திரத் தாளம் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டதும் விலகினார். மிஞ்சிய மூவரும் ஆங்கிலப் பெயரிலிருந்து கடைசி எழுத்தையே எடுத்துவிட்டு 1991இல் ஓர் ஆல்பம் போட்டார்கள். நால்வரில் ஒருவர் குறைந்தால் அது அதே குழு இல்லை என்று அவர்களே அறிவித்ததற்குச் சமம் அது.

அதே மனம்தான் பிற்காலத்தில் பதிப்பாசிரியர் வேலையையும் பார்த்தது. பிங்க்ஃபிளாக் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தங்கள் மேடைப் பதிவுகளைத் தாங்களே தேர்ந்தெடுத்து வெளியிட்டார்கள். 2018இல் முதல் மூன்று ஆல்பங்களும் கெட்டி அட்டைப் புத்தகங்களாக, முன்வரைவுப் பதிவுகளோடு வந்தன. இதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது 2013இன் 'சேஞ்ச் பிகம்ஸ் அஸ்'. 1979, 80இல் உருவாகி, குழு உடைந்ததால் ஒழுங்காகப் பதிவாகாமல் போன துண்டுகளை, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்துப் புதிதாகக் கட்டினார்கள். அவற்றில் சில அதுவரை 1981இல் வந்த கரடுமுரடான ஒரு மேடைப் பதிவில் மட்டுமே கிடைத்தன. ரசிகர் செய்ய வேண்டிய மறுவாசிப்பைக் குழுவே செய்து ஆல்பமாக்கிவிட்டது. ஒரு குறை உண்டு. அந்தத் துண்டுகளின் கூர்மைக்குக் காரணமான கிதார் கலைஞர் புரூஸ் கில்பர்ட் 2004லேயே போய்விட்டார். பழைய மேடைப் பதிவில் ஒவ்வொரு பாட்டும் உடைந்து விழுமோ என்று பயமுறுத்தும். 2013இல் எல்லாம் அழகாக நிற்கிறது. அந்தப் பயம் போனது எனக்கு நஷ்டம்தான்.

இப்படிச் சீராக அடுக்கிய இடத்தில் ரசிகருக்கு என்ன மிச்சம்? குழு அழுத்திச் சொல்லாத இடங்கள்தான். வயர் என்றாலே முதல் மூன்று ஆல்பங்கள் என்ற பேச்சு நெடுங்காலமாக இருக்கிறது. மறுவெளியீடுகளும் அந்த மூன்றுக்குத்தான் முதல் மரியாதை செய்தன. 1987 முதல் 1990 வரை வந்தவற்றை, அந்தக் காலத்து எலக்ட்ரானிக் பளபளப்பு என்று தள்ளிவிடுவார்கள். 1988இன் 'எ பெல் இஸ் எ கப்' ஆல்பத்தை அப்படித் தள்ளுவது பெரும் தவறு. குழுவின் காலின் நியூமன், கிரஹம் லூயிஸ் இருவரின் மெட்டமைக்கும் திறன் அங்கேதான் முழுதாக வெளிப்படுகிறது.

ஃபாலுக்கு வருவோம். முதல் ஆல்பம் 1979இல், கடைசி ஆல்பம் 2017இல். இடையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஸ்டூடியோ ஆல்பங்கள். மேடைப் பதிவுகளும் தொகுப்புகளும் அதைவிட அதிகம். ஸ்டெப் ஃபார்வர்ட், ரஃப் டிரேட், காமரா, பெகர்ஸ் பேங்க்வெட், ஃபோன்டானா, டோமினோ, செர்ரி ரெட் என்று நிறுவனங்கள் மாறிக்கொண்டே இருந்தன. 1990களின் பிற்பகுதியிலிருந்து மட்டமான ஒலித்தரத்தில் மேடைப் பதிவுகள் கடைகளில் குவிந்தன. குழுவில் வந்துபோனவர்கள் அறுபதுக்கும் மேல், அவர்களில் பலர் ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. வயரில் ஒரு முறை ஓர் ஆள் போனபோது பெயரில் ஓர் எழுத்தே போனது. ஃபாலில் யார் போனாலும் பெயர் அசையவில்லை. 1998இல் நியூயார்க் மேடையில் கைகலப்பாகிக் குழுவே சிதறியது. அடுத்த ஆண்டே புதிய ஆட்களோடு ஃபால் ஆல்பம் வந்துவிட்டது.

தலைமுறை தலைமுறையாக எவரும் இறக்கிப் பார்க்காத பரண் மாதிரி இருக்கிறது இந்தக் குவியல். அதற்குள் வழி காட்ட ஒரே ஒரு இழை உண்டு, பிபிசி வானொலித் தொகுப்பாளர் ஜான் பீலின் நிகழ்ச்சி. தன் நிகழ்ச்சிக்காக அவர் குழுக்களை ஸ்டூடியோவுக்கு அழைத்து, ஒரே நாளில் நான்கு பாடல்களைப் பதிவு செய்ய வைப்பார். 1978க்கும் 2004க்கும் இடையில் ஃபால் 24 முறை அப்படிப் பதிவு செய்தது. 2005இல் அவை ஆறு குறுந்தகடுகளாக ஒரே பெட்டியில் வந்தன. நிறுவனச் சண்டை, பணமுடை, ஆள்மாற்றம் எல்லாம் நடந்த அதே ஆண்டுகளில், ஒரே மாதிரியான சூழலில் எடுத்த 24 படங்கள். இந்தக் குழு எப்படி மாறியது என்று தெரிந்துகொள்ள ஆல்பங்களைவிட அந்தப் பெட்டி நம்பகமானது.

'ஹிப் பிரீஸ்ட்' என்ற ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1981 மார்ச்சில் பீல் நிகழ்ச்சிக்குப் பதிவானது. பிறகு அதே ஆண்டு ஐஸ்லாந்தில் மறுபடி பதிவாகி, 1982இன் 'ஹெக்ஸ் எண்டக்‌ஷன் அவர்' ஆல்பத்தில் இடம்பெற்றது. 'தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்' படத்தின் உச்சக்கட்டத்தில் ஒலிப்பதும் இதுதான். ஆல்பத்தில் ஸ்மித்தின் குரல் முணுமுணுப்பாகத் தொடங்குகிறது. ஸ்டீவ் ஹான்லியின் பேஸ் கிதார் நாலைந்து ஸ்வரங்களைச் சுற்றிச் சுற்றி வருகிறது, கொஞ்சமும் அலங்காரம் இல்லை. பல நிமிடம் எதுவுமே நடக்காது. திடீரென்று குழு மொத்தமும் வெடித்து, அதே வேகத்தில் மறுபடி அடங்கும். ஸ்மித்தின் குரலுக்காகவே இந்தப் பாட்டைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் காது பேஸில் போய் நிற்கிறது. அந்தப் பிடிமானம் இல்லையென்றால் ஸ்மித்தால் அவ்வளவு தாமதமாக, அவ்வளவு அலட்சியமாகப் பேச முடிந்திருக்காது.

ஃபால் ரசிகர்களின் இன்றைய மறுவாசிப்பில் நான் மதிக்கும் மாற்றம் இதுதான். ஸ்மித் உயிரோடு இருந்தவரை, ஃபால் என்றால் ஸ்மித், மற்றவர்கள் கூலிக்கு வாசித்தவர்கள் என்ற எண்ணத்தை அவரே வளர்த்தார். தானும் யாரோ ஒருவருடைய பாட்டியும் சேர்ந்து தட்டினாலும் அது ஃபால்தான் என்ற பொருளில் அவர் சொன்னதை எல்லோரும் ரசித்து மேற்கோள் காட்டினோம். பிறகு விலகியவர்கள் பேசத் தொடங்கினார்கள். 2008இல் பத்திரிகையாளர் டேவ் சிம்சன் முன்னாள் உறுப்பினர்களைத் தேடிப்போய் ஒரு புத்தகமே எழுதினார். 1979 முதல் 1998 வரை பேஸ் வாசித்த ஹான்லி 2014இல் தன் நினைவுகளை வெளியிட்டார். குழுவில் கிதார் வாசித்த பிரிக்ஸ் ஸ்மித்தும் எழுதினார். டிரம்ஸ் வாசித்த பால் ஹான்லி 'ஹெக்ஸ்' ஆல்பத்துக்கென்றே தனி நூல் எழுதினார். இவற்றைப் படித்துவிட்டுப் பழைய ஆல்பங்களுக்குத் திரும்பினால் வேறு பெயர்கள் கேட்கத் தொடங்குகின்றன. கிரெய்க் ஸ்கேன்லனின் கிதார் ஒவ்வொரு பாட்டையும் எப்படிக் கோணலாக்குகிறது, பிரிக்ஸ் வந்ததும் 1984, 85 ஆல்பங்களில் மெட்டு எப்படி நிமிர்கிறது என்பதெல்லாம் தெளிவாகிறது. ஸ்மித் சிறியவராகிவிடவில்லை. இத்தனை பேரைப் பிழிந்து ஒரே ஒலியை எடுத்த அவருடைய செவி இன்னும் வியப்பூட்டுகிறது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சேர்ந்தே கேட்கிறது.

வயரில் இப்படி ஒரு திருப்பம் நேர வழியில்லை. நால்வரும் சம பங்காளிகள் என்பது முதலிலிருந்தே தெரிந்த விஷயம். கணக்கு நேர்மையாக இருப்பதால் கண்டுபிடிக்கக் குறைவாக இருக்கிறது.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் இரண்டு வேறு வழிகளைச் சொல்வேன். வயருக்கு '154' ஆல்பத்தில் தொடங்கி 'எ பெல் இஸ் எ கப்' போய், அதன் பிறகு 'பிங்க் ஃபிளாக்' ஆல்பத்துக்குத் திரும்புங்கள். குழு போட்டுத் தந்த வரிசையைக் கலைத்தால்தான் அது புதிதாகக் கேட்கும். ஃபாலுக்கு பீல் பெட்டியை முதல் குறுந்தகட்டிலிருந்து கடைசிக் குறுந்தகடு வரை வரிசை மாறாமல் கேளுங்கள். கையில் யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்ற பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 2000இல் வந்த 'தி அன்அட்டரபிள்' ஆல்பத்தை எடுங்கள். ஹான்லி, ஸ்கேன்லன் இருவரும் இல்லாத ஃபால் அது. அவர்கள் எங்கே இல்லை என்று அதற்குள் உங்கள் காதுக்கே தெரிந்திருக்கும்.