அன்னையின் சபையும் அம்மாக்களின் வழக்கும்

ஆன் லீக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தன; நான்கையும் சின்ன வயதிலேயே பறிகொடுத்தார். 1774இல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி நியூயார்க்கில் இறங்கிய இந்தக் கொல்லர் வீட்டுப் பெண்ணை, அவரைத் தலைவியாகக் கொண்ட ஷேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையினர் ‘அன்னை ஆன்’ என்றே அழைத்தார்கள். அந்தச் சபையோடுதான் பின்னாளில் பெற்ற தாய்மார்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

சபையில் தாம்பத்தியம் கிடையாது. கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்தாலும் அன்று முதல் அவர்கள் அண்ணன் தங்கைதான். பிள்ளை பெறாத கூட்டம் எப்படித் தழைக்கும்? வெளியிலிருந்து ஆட்கள் சேர வேண்டும். அந்நாளில் ஊரார் பிள்ளைகளையும் வாங்கி வளர்த்தார்கள். அதற்கு ஒப்பந்தப் பத்திரம் எழுதினார்கள். தகப்பன் கையெழுத்தே போதுமானதாக இருந்தது. 21 வயது நிரம்பியதும் இருப்பதா, போவதா என்பதைப் பிள்ளையே முடிவு செய்துகொள்ள முடிந்தது. தாயின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. இதில் சபையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நாட்டின் சட்டமே அப்படித்தான் இருந்தது. மணமான பெண்ணுக்குச் சொத்தும் இல்லை, பெற்ற பிள்ளையும் சொந்தமில்லை.

அப்படிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்களில் ஒருவர் யூனிஸ் சாப்மன். அவர் கணவர் ஜேம்ஸ் 1811இல் வீட்டைவிட்டுப் போனார். நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனிக்கு அருகிலிருந்த ஷேக்கர் குடியிருப்பில் சேர்ந்தார். 1814இல், யூனிஸ் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து மூன்று பிள்ளைகளையும் அங்கே கொண்டுபோய்விட்டார். பிறகு பிள்ளைகள் தொலைதூர நியூ ஹாம்ப்ஷயரின் என்ஃபீல்டுக்கு மாற்றப்பட்டார்கள்.

யூனிஸ் அழுதுகொண்டு உட்காரவில்லை. தன் கதையைப் புத்தகமாக அச்சிட்டார். நியூயார்க் சட்டமன்ற உறுப்பினர்களை விடாமல் சந்தித்தார். அவருக்கு உதவ வந்த மசோதாவின் முதல் வடிவம் கடுமையானது: ஷேக்கராகச் சேர்ந்தவரைச் சட்டத்தின் கண்ணில் இறந்தவராகவே அது கருதியது. முன்னாள் அமெரிக்க அதிபர் ஜெபர்சனே 1817இல் ஒரு கடிதத்தில் அதைக் கண்டித்தார். அந்தப் பகுதி கைவிடப்பட்டது. பிறகும் ஆளுநரும் நீதிபதிகளும் அடங்கிய மறுஆய்வு மன்றம் மசோதாவைத் திருப்பி அனுப்பியது. சட்டமன்றம் அசையவில்லை. 1818 மார்ச்சில் யூனிஸுக்கு மணவிலக்கும், பிள்ளைகளை மீட்க வழியும் சட்டமாகவே கிடைத்தன.

ஆனால் நியூயார்க் சட்டம் நியூ ஹாம்ப்ஷயரில் செல்லுமா? அந்த ஆண்டே யூனிஸ் என்ஃபீல்டுக்குப் போனார். ஊர்க்காரர்கள் அவருக்குத் துணையாகத் திரண்டார்கள். மகன் கிடைத்தான், மகள்கள் பின்னர் வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் போராட்டத்தில் யூனிஸுடன் நின்ற மேரி டையருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர் கணவரோடும் ஐந்து பிள்ளைகளோடும் 1813இல் தானே என்ஃபீல்டு சபையில் சேர்ந்தவர். 1815இல் தனியாக வெளியேறினார். கணவரும் பிள்ளைகளும் உள்ளேயே தங்கிவிட்டார்கள். மேரி சட்டமன்றத்துக்கு மனுப்போட்டார், சபையைச் சாடிப் புத்தகங்கள் எழுதினார். கணவரும் பதில் புத்தகம் போட்டார். குடும்பச் சண்டை அச்சகத்துக்கு வருமானமானது. 1830இல் மணவிலக்குக் கிடைத்தது, பிள்ளைகள் கிடைக்கவில்லை.

மேரியின் மகன் கேலப் டையர் ஷேக்கராகவே வளர்ந்து, என்ஃபீல்டின் வரவுசெலவையும் வெளியாருடனான பேச்சுவார்த்தையையும் கவனிக்கும் பொறுப்பாளரானார். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போன ஒரு படைவீரர் தன் மகள்களைச் சபையில் விட்டுப்போயிருந்தார். திரும்பி வந்து கேட்டபோது சபை தரவில்லை. 1863 ஜூலையில் அவர் கேலபைச் சுட்டார். சில நாளில் கேலப் இறந்தார். மேரி அப்போது உயிரோடுதான் இருந்தார்.