சித்திரகாரப்புலி

காஞ்சி என்றவுடன் பட்டும் கோயில்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்நகரிலிருந்து அரசாண்ட மன்னன் ஒருவன் ஓவியனாகவும் புகழ் பெற்றிருந்தான் என்பதை மாணவர் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். அவனே முதலாம் மகேந்திரவர்மன், ஏறத்தாழ கி.பி. 600 முதல் 630 வரை ஆட்சி புரிந்த பல்லவ வேந்தன். கல்வெட்டுகளில் காணப்படும் அவனுடைய விருதுப் பெயர்களுள் ஒன்று சித்திரகாரப்புலி. ஓவியருள் புலி போன்றவன் என்பது அதன் பொருள்.

அவன் வாழ்ந்த காலம் அமைதியான காலமன்று. சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி படையெடுத்து வந்தான். பல்லவ மன்னன் காஞ்சியின் மதில்களுக்குப் பின்னே ஒதுங்க நேர்ந்தது என்று 634ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐஹொளெக் கல்வெட்டு பெருமை பேசுகிறது. இத்தகைய நெருக்கடிகளைக் கண்ட மன்னன்தான் கலைகளையும் வளர்த்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றி மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். காஞ்சி நகரையே களமாகக் கொண்டு ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் நகை நாடகத்தை வடமொழியில் இயற்றினான். காஞ்சிக்கு அருகிலுள்ள மாமண்டூர்க் குடைவரையில் சிதைந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ‘தட்சிண சித்திரம்’ என்னும் ஓவிய நூலைப் பற்றிய குறிப்பை அறிஞர்கள் அதில் கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் அவன் தீட்டிய ஓவியங்கள் எங்கே? அவனுடையது என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஓவியம் ஒன்றுகூட இன்று நமக்குக் கிடைக்கவில்லை. சித்தன்னவாசல் ஓவியங்கள் அவன் காலத்தவை என்று முன்பு பலர் எழுதினார்கள். ஆனால் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்த செய்தியை அங்குள்ள பாண்டியர் காலக் கல்வெட்டு கூறுகிறது. ஆகவே, இன்று நாம் அங்குக் காணும் ஓவியங்களை அறிஞர் பலர் ஒன்பதாம் நூற்றாண்டினவாகக் கொள்கின்றனர். சித்திரகாரப்புலியின் பெயர் நின்றது. அவன் தூரிகையின் வேலை மறைந்தது.

இதற்கு நேர்மாறான காட்சியைக் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் காணலாம். மகேந்திரனை முதலாக எண்ணினால் ஐந்தாம் தலைமுறையினனான இராசசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கோயில் அது. திருச்சுற்றை ஒட்டிச் சிறு சிறு ஆலயங்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. அவற்றின் சுவர்களில் பிற்காலப் பூச்சுகளுக்கு அடியில் மறைந்திருந்த பல்லவ ஓவியங்களை 1931ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேயி கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். சிவனும் உமையும் குழந்தை முருகனுமாக அமர்ந்திருக்கும் சோமாஸ்கந்த ஓவியம் அவற்றுள் ஒன்று. வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. எனினும் எஞ்சிய கோடுகளை உற்று நோக்கியபோது, அவற்றை வரைந்த கை தயங்காத கை என்பதை நான் உணர்ந்தேன். அக்கைக்கு உரியவர் யார்? அவர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ருஷ்ய நாட்டின் தலைசிறந்த ஓவியர்களுள் ஒருவரான ஆந்திரேய் ரூப்ளியோவை எடுத்துக்கொள்வோம். 1405ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரத் தேவாலயம் ஒன்றில் அவர் ஓவியம் தீட்டினார் என்று நாளாகமம் சொல்கிறது. அவரைப் பற்றிய வேறு குறிப்புகள் மிகச் சிலவே. மூன்று தேவதூதர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் அவருடைய ‘திரித்துவம்’ என்னும் ஓவியத்தின்மேல் பிற்காலத்தார் மீண்டும் மீண்டும் வண்ணம் பூசினார்கள். 1904ஆம் ஆண்டில் மேற்பூச்சை நீக்கத் தொடங்கிய பிறகே அடியிலிருந்த பழைய நிறங்கள் வெளிப்பட்டன. காஞ்சியில் நிகழ்ந்ததும் ஏறத்தாழ இதுவே அன்றோ?

மன்னன் தன் பெயரைக் கல்லில் வெட்டுவித்தான், கல் நிலைத்தது. ஓவியரோ சுண்ணச் சாந்தின்மேல் வண்ணம் தீட்டினார். மழைநீர்க் கசிவும் புகையும் வெள்ளையடிப்பும் அதனை அழிக்கப் போதுமானவை. இதனால்தான் பல்லவ ஓவியத்தின் வரலாறு இரண்டு துண்டாகக் கிடக்கிறது: ஒருபுறம் ஓவியம் இல்லாத பெயர், மறுபுறம் பெயர் இல்லாத ஓவியம். வரலாறு பயிலும் மாணவர், கல்வெட்டைப் படிக்கும் அதே கருத்துடன் சுவரிலுள்ள கோட்டையும் படிக்கப் பழக வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கைலாசநாதர் கோயிலுக்குச் செல்லும் மாணவ நண்பர்கள் அச்சிறு ஆலயங்களின் முன் சற்றே நின்று பார்க்கட்டும். கையால் தீண்டாமல், கண்ணால் மட்டும் பார்க்கட்டும். கல்லில் பொறித்த எழுத்து தேய்ந்தாலும், முன்னரே அதனைப் படியெடுத்திருந்தால் செய்தியாவது மிஞ்சும். சுவரில் எஞ்சிய ஒரு வண்ணத் துணுக்கு உதிர்ந்தாலோ, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மனிதர் நமக்கு விட்டுச்சென்ற ஒரே அடையாளம் அத்துடன் போய்விடும்.