துருப்பிடித்த வெண்கல்

நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லை என் மேசையில் வைத்து, "ஐயா, இதில் பொன் இருக்குமா?" என்று கேட்டார். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நமது மலையகத்திலிருந்து நீலகிரியின் கூடலூருக்குச் சென்று குடியேறிய குடும்பத்தவர் அவர். கல்லும் அங்கே கிடைத்ததுதான்.

அது வெங்கச்சங்கல். குவார்ட்ஸ் என்பதும் அதுவே. கண்ணாடியைக் கீறும், கத்திமுனைக்குக் கீறுபடாது. அதன் வெடிப்புகளில் செம்பழுப்புக் கறை படிந்திருந்தது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் மழையிலும் காற்றிலும் சிதைந்து துருவாகும்போது இக்கறை உண்டாகிறது. அக்கனிமம் இருந்த இடங்களில் சிறு சதுரக் குழிகள் எஞ்சுவதும் உண்டு. அதனுள் பொன் அடங்கியிருந்திருந்தால், அது துருவினிடையே தனித்துத் தங்கிவிடும். பொன் தேடுவோர் கறைபடிந்த கல்லை இடித்து, தட்டில் நீர்விட்டு அலசிப் பார்ப்பது இதனாற்றான்.

இந்தக் கறையே ஒரு காலத்தில் இலண்டன் பங்குச் சந்தையை மயக்கியது. கூடலூரை அடுத்த தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளை ஆராய, அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறைச் செயலாளராக இருந்த புரோ ஸ்மித் 1879 இல் அழைக்கப்பட்டார். அவருடைய அறிக்கை 1880 இல் வெளிவந்தது. கம்பனிகள் பல முளைத்தன. இயந்திரங்கள் மலையேறின. ஆனால் கிடைத்த பொன் செலவுக்கும் போதவில்லை. சில ஆண்டுகளுக்குள் யாவும் கலைந்தன. பணம் போட்டவர்கள் கையை விரித்தனர்.

காரணம் எளிது. மேற்பரப்பில் துரு விடுவித்த பொன் எளிதிற் கைப்படும். ஆழத்திலோ அது சிதையாத கனிமத்துக்குள் அடைபட்டிருக்கும்; அளவும் குறையலாம். அதே காலத்தில் தொடங்கிய கோலார் மட்டும் ஆழத்திலும் வளமான பொன்னைக் கண்டது. தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் உழைத்த அச்சுரங்கங்கள் 2001 வரை இயங்கின.

கறை, 'இங்கே தேடு' என்று மட்டுமே சொல்லும். 'இருக்கிறது' என்று சொல்லாது. செய்தித் தொழிலில் வதந்தியும் அப்படித்தான் என்பதை நான் பட்டே அறிந்தேன்.

நண்பரின் கல்லை இடித்து அலசினோம். தட்டில் மிஞ்சியது செம்மண் நிறக் கலங்கல்தான். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைவிடப்பட்ட அந்தச் சுரங்கங்களுக்குள் களவாகப் பொன் தேடி இறங்கிய ஏழைகள் சிலர் அண்மைக் காலத்திலும் மாண்டிருக்கிறார்கள். இலண்டனில் ஏமாந்தவர்கள் பணத்தைத்தான் இழந்தார்கள்.