மிளகைத் தேடி வந்தான். மிளகாயைத் தந்து சென்றான்!

கோரிப்பாளையம் நாற்சந்தியில் எந்த உணவு விடுதியில் நுழைந்தாலும் பூரிக்கு உருளைக்கிழங்கு, தோசைக்குத் தக்காளிச் சட்னி, குழம்பிலே மிளகாய்க் காரம்! "தொன்றுதொட்டு வரும் தமிழர் உணவு" என்று மார்தட்டுவோரும் அவற்றைச் சுவைத்தே உண்கின்றனர். ஆனால், பாண்டியன் அரண்மனைப் பந்தியிலே இம்மூன்றில் ஒன்றுகூட இருந்ததில்லை. மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள்.

மிளகாயின் கதையைச் சற்று விரித்தே சொல்வோம். சங்க காலத் தமிழர்க்குக் காரமென்றால் மிளகு. 'கறி' என்பது அதன் பழம்பெயர். அதற்காகவே யவனர் மரக்கலங்கள் முசிறிக்கு வந்தன. கோரிப்பாளையத்தைத் தொட்டோடும் வைகை, கடலை நெருங்கும் அழகன்குளத்திலும் உரோமர் காசுகளும் மதுச்சாடிகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. மிளகின் மேல் கொண்ட அதே ஆசைதான் பின்னாளில் கொலம்பசை 1492-இல் மேற்கே துரத்தியது. வாஸ்கோ ட காமாவை 1498-இல் கோழிக்கோட்டுக் கரையில் இறக்கியது. கொலம்பஸ் மிளகைக் காணவில்லை. தீவுகளிலே கண்ட காரக் காய்க்கு மிளகின் பெயரையே சூட்டினர் ஐரோப்பியர். நாமும் அதைத்தானே செய்தோம்? மிளகுபோல் உறைக்கும் காய், மிளகாய்!

போர்த்துகீசியரோடு கப்பலேறி வந்த அக்காய், மிளகை அடுக்களை மூலைக்குத் தள்ளிற்று. ஏன்? மிளகுக் கொடிக்கு மலையும் மழையும் வேண்டும்; விளைந்ததையோ வெளிநாட்டான் பொன் கொடுத்து அள்ளிச் செல்வான். மிளகாய்க்கோ இராமநாதபுரத்து வானம் பார்த்த பூமியே போதும். ஏழையின் கஞ்சிக்குத் துணையானது அதுதான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயும் கடல் கடந்து வந்த விதையின் வழித்தோன்றலே.

வந்தவனை வள்ளலென்று வாழ்த்தச் சொல்லவில்லை நாம். 1658-இல் டச்சுக்காரர் விரட்டும்வரை தூத்துக்குடி முத்துக்குளித்துறையைத் தன் பிடிக்குள் வைத்திருந்தவன் அவன். ஆசியச் சரக்குக்கு ஐரோப்பியர் கொட்டிய வெள்ளியோ? தென் அமெரிக்காவின் பொத்தோசி மலைச் சுரங்கத்திலே அம்மண்ணின் மைந்தர் கட்டாய உழைப்பில் தோண்டியது அதில் பெரும்பங்கு!

இதிலொரு வேடிக்கையும் உண்டு. வைதிகர் வீட்டுத் திதிச் சமையலில் மிளகாய் கூடாது, தக்காளி கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, மிளகுதான்! ஆசாரம் என்கிறார்கள். ஆசாரமா அது? அப்பட்டியல் வகுத்த நாளில் அக்காய்கள் இந்நாட்டில் இல்லை; அவ்வளவுதான். வரலாற்றுச் சான்றொன்று அடுப்பங்கரையில் அழியாமல் கிடக்கிறது! கடல் கடப்பது பாவமென்று விதித்த அதே மரபினர், திதி முடிந்த மறுநாள், கடல் கடந்து வந்த காயைக் கிள்ளிப்போட்டுத் தாளிக்கின்றனர். பாவத்தைப் பற்றிய பேச்சே அங்கில்லை.