உறுதி யார் பெயரில்?

2004 டிசெம்பர் 26இல் கடல் வந்து போனபின் எமது கரைகளுக்கு உதவி போன வரலாற்றைப் பணக்கணக்காக மட்டும் எழுதினால் அது அரைவாசிதான். இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். முதல் நாட்களில் பிணம் எடுத்ததும், காயப்பட்டோரைத் தூக்கியதும், சோறு சமைத்துக் கொடுத்ததும் பெரும்பாலும் அயலூரவர்களே.

பின்னர் பொருட்கள் வந்தன. வெக்கைக் கரையில் குளிர்நாட்டு உடுப்புகள் குவிந்தன. வள்ளம் கொடுக்க நிறுவனங்கள் போட்டியிட்டன. சில இடங்களில் முன்பிருந்ததைவிடக் கூடுதலான சிறுவள்ளங்கள் வந்து சேர்ந்தன. வள்ளம் புகைப்படத்தில் நன்றாகத் தெரியும். கருவாடு காயவைத்தும் மீன் விற்றும் சீவித்த பெண்ணின் இழப்பு அப்படித் தெரிவதில்லை.

வீட்டு விடயம் இதனிலும் பாரதூரமானது. கிழக்கில் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வீடு வழமையாகப் பெண்ணின் சொத்து. தாய் தகப்பன் மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாக எழுதுவர். மாப்பிள்ளை அங்கு வந்து குடியிருப்பார். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் நிர்வாகம் 'குடும்பத் தலைவர்' என்று ஆணையே பதிந்தது. கடலிலிருந்து வடக்குக் கிழக்கில் 200 மீற்றருக்குள்ளும் தெற்கில் 100 மீற்றருக்குள்ளும் மீளக் கட்டக்கூடாதென்று முதலில் தடையும் விதித்தது. இரண்டும் சேர்ந்தபோது, தாய்வழி வந்த வளவை இழந்த பெண்ணுக்குக் கிடைத்த புதுவீட்டின் உரிமை பல இடங்களில் கணவனின் பெயருக்குப் போனது. கடல் கொண்டுபோகாத உரிமையை நிவாரணம் கொண்டுபோனது.

மேலே நடந்ததும் நன்றாயில்லை. அரசும் புலிகளும் 2005 யூன் 24இல் ஒப்பமிட்ட பொதுக்கட்டமைப்பின் முக்கிய பகுதிகளை, அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. 2006இல் யுத்தம் மீண்டது. வாகரையில் கடலுக்குத் தப்பியவர்கள் ஷெல்லுக்கு ஓடினார்கள்.

உணவகங்களில் கோப்பை கழுவி ஊருக்குப் பணம் அனுப்பும் நாம் இந்த வரலாற்றிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம். பெட்டி கட்டுமுன், என்ன தேவையென்று அங்குள்ளவர்களைக் கேட்போம்; பெண்களைத் தனியாகவும் கேட்போம். கடையும் சந்தையும் திறந்திருக்கும் ஊருக்குப் பொருளைவிடக் காசு உதவும். சேர்த்ததை முதல் மாதத்திலேயே முடிக்காமல், நிறுவனங்கள் போனபின் வரும் மூன்றாம் வருடத்துக்கும் ஒரு பங்கு வைப்போம். வீடு கட்டிக் கொடுப்பதானால், அத்திவாரம் வெட்டுமுன் கேட்போம்: உறுதி யார் பெயரில்?