காதுக்குக் கேட்காத குறி

தோட்டப் பாடசாலைகளில் ஆங்கிலம் படிப்பிக்கும் நாம் எல்லோருமே அபொஸ்ட்ரஃபிக்காகப் புள்ளி வெட்டியிருக்கிறோம். அந்தச் சின்னக் குறி எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள் நம்மில் குறைவு.

பழைய ஆங்கிலத்தில் 'அரசனுடைய' என்று சொல்ல, பெயரின் கடைசியில் 'ஈ', 'எஸ்' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தார்கள். பிறகு பேச்சில் 'ஈ' தேய்ந்துபோனது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழக்கத்தைப் பார்த்து ஆங்கிலத்துக்கு வந்த அபொஸ்ட்ரஃபி, இப்படி விடுபட்ட எழுத்தின் இடத்தைக் காட்டத்தான் முதலில் உதவியது. உடைமைக்கு அதைப் போடுவது பிறகுதான் வழக்கமானது. பன்மையில் 'எஸ்'ஸுக்குப் பின்னால் போடுவது இன்னும் பிந்தியது. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியலமைப்பிலேயே 'அதனுடைய' என்ற பொருளில் வரும் 'இட்ஸ்' குறியோடு இருக்கிறது. இன்று நம் பிள்ளை அப்படி எழுதினால் சிவப்புக் கோடு!

தமிழில் தொழிலாளர்கள், தொழிலாளியின், தொழிலாளர்களின் என்பவை காதுக்கே வேறு வேறு. ஆங்கிலத்தில் மூன்றும் 'வேர்க்கர்ஸ்' தான். குறி கண்ணுக்கு மட்டும். லயத்தில் ஆங்கிலப் புத்தகமோ பத்திரிகையோ பார்க்காத பிள்ளை அதை எங்கே பழகும்?

நம் ஊவாவிலேயே உதாரணம் இருக்கிறது. 1854இல் தொடங்கிய தோட்டத்துரைமார் சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் குறி 'எஸ்'ஸுக்குப் பின்னால். பல துரைமார் அல்லவா? 1939இல் இலங்கை இந்திய காங்கிரஸாகத் தொடங்கி, பிறகு பெயர் மாறிய இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸுக்கும் அதே விதிதான். தம்பேதன்ன மலையில் உள்ள லிப்டன்ஸ் சீட்டில் மட்டும் குறி 'எஸ்'ஸுக்கு முன்னால். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன் என்ற ஒருவருடைய இருக்கை அது. (அந்த மலையில் கொழுந்து பறித்தவர்கள் எத்தனையோ பேர். குறி அவருக்குத்தான் கிடைத்தது!)

பெயரே 'எஸ்'ஸில் முடிந்தால்? 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸின் நினைவாகக் கட்டியதுதான் பதுளை புனித மாற்கு ஆலயம். 'ரொஜர்ஸின் ஆலயம்' என்று ஆங்கிலத்தில் எழுத, சிலர் குறி மட்டும் போடுவார்கள், சிலர் இன்னொரு 'எஸ்'ஸும் சேர்ப்பார்கள். இங்கிலாந்துப் பதிப்பகங்களே இதில் ஒத்துப்போவதில்லை. ஆகவே நம் வகுப்பில் இரண்டுக்கும் புள்ளி கொடுக்கிறோம். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்தால் மட்டும் ஒரு வட்டம்.